விதைச் சாறு மாத்திரையும் அப்பாவின் சிறுநீரில் போகும் ஆல்புமினும்

பொருநைக்கரை (கல்லிடைக்குறிச்சி):

அனைவருக்கும் வணக்கம். என் தந்தைக்கு வயது 67. சர்க்கரை நோய் வந்து பதினேழு ஆண்டுகள் ஆகின்றன. மெட்ஃபார்மினும் கிளிமெபிரைடும் சாப்பிட்டு வருகிறார். சென்ற மாதப் பரிசோதனையில் சர்க்கரையின் மூன்று மாதச் சராசரி (HbA1c) 8.6, சிறுநீரகம் வெளியேற்ற வேண்டிய கழிவான கிரியேட்டினின் இரத்தத்தில் 1.4, சிறுநீரில் ஆல்புமின் என்ற புரதத்தின் அளவு ஒரு கிராம் கிரியேட்டினினுக்கு 180 மில்லிகிராம் என்று வந்திருக்கிறது. இரண்டு ஆண்டுகளாக உள்ளங்கால் எரிகிறது என்று சொல்லிக்கொண்டிருந்தவர், இப்போது எரிச்சல் குறைந்துவிட்டது என்கிறார். அது நல்ல செய்தி என்று நாங்கள் நினைத்திருந்த நேரத்தில், கோயிலிலிருந்து திரும்பும்போது ஒரு காலின் செருப்பு வழியில் கழன்று விழுந்ததை அறியாமல் மற்றொரு செருப்போடு மட்டும் வீடு வந்து சேர்ந்தார். வாசலில் அம்மா கேட்ட பிறகுதான் குனிந்து பார்த்தார்.

இந்நிலையில் என் அத்தான் ஒரு குப்பி வாங்கி வந்து கொடுத்திருக்கிறார். வெந்தயம், நாவல் கொட்டை, கருஞ்சீரகம், பாகல் விதை ஆகிய நான்கின் சாறும் சம அளவில் சேர்ந்த 500 மில்லிகிராம் மாத்திரை, காலையும் இரவும் ஒவ்வொன்று. மாதத்துக்கு 1,850 ரூபாய். சிறுநீரகம், நரம்பு, கண் மூன்றையும் மீட்டுத் தரும் என்று உள்ளே வைத்திருக்கும் தாளில் அச்சிட்டிருக்கிறார்கள், கீழே ஆய்வுகளின் பெயர்களும் இருக்கின்றன. அப்பா இதைத் தொடங்கிவிட்டு ஆங்கில மருந்தை நிறுத்தப்போவதாகச் சொல்கிறார். விதைகளில் உண்மையிலேயே ஏதேனும் இருக்கிறதா, அல்லது அத்தான் ஏமாந்துவிட்டாரா? அறிந்தவர்கள் சொல்ல வேண்டும்.

மானூர் மருமகள்:

என் மாமியார் வெந்தயம் 250 கிராம், ஓமம் 100 கிராம், கருஞ்சீரகம் 50 கிராம் என்ற கணக்கில் வறுத்துப் பொடித்து, இரவில் வெந்நீரில் கலந்து குடிக்கிறார்கள். வாட்ஸ்அப்பில் வந்த கணக்குதான். வெறும் வயிற்றுச் சர்க்கரை 170 இலிருந்து 140க்கு இறங்கியிருக்கிறது. மாத்திரையை நிறுத்தவில்லை, ராத்திரிச் சோற்றைத்தான் நிறுத்தினார்கள். ஆகவே பொடியால் இறங்கியதா, சோறு போனதால் இறங்கியதா என்று என்னால் சொல்ல முடியவில்லை.

எலிக்கூட்டுக்காரி (பாளையங்கோட்டை):

அண்ணாச்சி, மருந்தியல் ஆய்வு மாணவியாக நான்கு ஆண்டுகள் வெள்ளெலிகளுக்கு விதைச் சாறு ஊட்டியவள் நான். இதில் எனக்குச் சார்பு உண்டு, விதைகளின் பக்கம்தான். இருந்தாலும் அந்தத் தாளில் உள்ள ஆய்வுகளை எப்படிப் படிக்க வேண்டும் என்று சொல்லியாக வேண்டும்.

விதைகளில் சரக்கு இருக்கிறது. வெந்தயத்தில் காலக்டோமன்னன் என்ற கரையும் நார்ச்சத்து நிறைய உண்டு. ஊறவைத்தால் வழவழவென்று வருவது அதுதான். அது குடலில் கூழாகப் பரவி, மாவுச்சத்து சர்க்கரையாகி இரத்தத்தில் ஏறும் வேகத்தைத் தடுக்கிறது. அதே விதையில் உள்ள 4-ஹைட்ராக்சி ஐசோலூசின் என்ற அமினோ அமிலம், சர்க்கரை கூடும்போது இன்சுலின் சுரப்பைத் தூண்டுவதாக ஆய்வகங்களில் கண்டிருக்கிறார்கள். கருஞ்சீரகத்தில் தைமோகுவினோன் என்ற வேதிப்பொருள் இருக்கிறது. நாவல் கொட்டையைப் பற்றி நம் சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்திலேயே அலோக்சான் கொடுத்துச் சர்க்கரை நோய் உண்டாக்கிய எலிகளில் ஆய்வு செய்து 1998 இல் வெளியிட்டார்கள்.

இனிப் பாதிப்புகளுக்கு வருகிறேன். சர்க்கரை மிகும்போது கண் வில்லையிலும் நரம்பிலும் ஆல்டோஸ் ரிடக்டேஸ் என்ற நொதி குளுக்கோஸைச் சார்பிட்டாலாக மாற்றிச் சேர்த்து வைக்கிறது. இன்னொரு பக்கம் குளுக்கோஸ் புரதங்களோடு ஒட்டிக்கொண்டு அவற்றைக் கெட்டியாக்குகிறது. பல விதைச் சாறுகள் சோதனைக் குழாயில் இந்த இரண்டையும் தடுக்கின்றன. எலிகளில் கண்புரை தாமதப்படுகிறது, சிறுநீரில் ஆல்புமின் குறைகிறது. இவை பொய்யல்ல, நானே கண்ணால் கண்டிருக்கிறேன்.

ஆனால் நாங்கள் செய்வது என்ன? ஸ்ட்ரெப்டோசோடோசின் என்ற நஞ்சை ஒரே ஊசியாகப் போட்டு எலியின் கணையச் செல்களைச் சில நாட்களில் அழித்துவிடுகிறோம். சர்க்கரை ஏறியது உறுதியானதும், பெரும்பாலும் அதே வாரத்தில், சாறு கொடுக்கத் தொடங்கி, நான்கு முதல் எட்டு வாரங்களில் கணக்கை முடிக்கிறோம். அதாவது கெடுவதற்கு முன்பே காவல் போட்டுவிடுகிறோம். உங்கள் தந்தையாரின் சிறுநீரகமோ பதினேழு ஆண்டுகளாக மெல்ல மெல்லக் கெட்டு வந்தது. எலியில் கெடாமல் காத்தது, மனிதரில் கெட்டதை மீட்டுத் தரும் என்று சொல்வதற்கு எங்கள் எலிக்கூட்டில் ஆதாரம் கிடையாது. அந்தத் தாளில் இருக்கும் ‘மீட்டுத் தரும்’ என்ற சொல் எந்த ஆய்விலும் இருந்திருக்காது, அதை அச்சகத்துக்குப் போகும் வழியில் யாரோ சேர்த்திருக்கிறார்கள்.

அடுத்து அளவு. எலிகளுக்குச் சாறு கொடுக்கும்போது, ஒரு கிலோ உடல் எடைக்கு 400 மில்லிகிராம் என்பது எங்களிடையே வழக்கமான அளவுகளில் ஒன்று. எலி அளவை மனிதருக்கு மாற்றும்போது ஏறக்குறைய 6.2 ஆல் வகுக்க வேண்டும். அப்படி வகுத்தால் கிலோவுக்குச் சுமார் 65 மில்லிகிராம். 60 கிலோ எடையுள்ளவருக்கு நாளொன்றுக்கு 3.9 கிராம் சாறு. பத்துக் கிலோ விதையிலிருந்து ஒரு கிலோ சாறு எடுப்பதாக வைத்துக்கொண்டால், அது 39 கிராம் விதைக்குச் சமம். உங்கள் குப்பியில் இருப்பதோ நான்கு விதைக்கும் சேர்த்து நாளுக்கு 1 கிராம், விதை ஒன்றுக்கு 250 மில்லிகிராம். எலி உண்டதில் பதினைந்தில் ஒரு பங்கு கூட இல்லை. எலிக்குக் கொடுத்த அளவைச் சொல்லாமல் எலிக்கு வந்த பலனை மட்டும் எடுத்துப் போடுவதுதான் இந்தத் தாள்களின் வழக்கம்.

டவுன் மருந்துக்கடை:

ரத வீதிப் பக்கம் மூன்று தலைமுறையாக நாட்டு மருந்துக் கடை வைத்திருக்கிறோம், அந்த அனுபவத்தில் இரண்டு செய்திகள். ஒன்று, சாறு என்று எழுதிவிட்டால் எந்த விதை என்று கண்டுபிடிக்கவே வழியில்லை. முழுதாக விற்கும்போதே ஆயிரம் குழப்பம். கருஞ்சீரகம் கேட்டு வருகிறவர்களில் சிலர் காட்டுச்சீரகத்தைக் கையில் எடுத்துக்கொண்டு இதுதானே என்பார்கள். இரண்டும் வேறு செடி, வேறு குணம். விலை ஏறும் நாட்களில் கருஞ்சீரகத்தில் வெங்காய விதையைக் கலந்து மூட்டை வருவதும் உண்டு. உள்ளங்கையில் தேய்த்து முகர்ந்தால்தான் பிடிபடும்.

இரண்டு, நாவல் கொட்டை. ஆனி, ஆடியில் பழம் தின்று துப்பிய கொட்டைகளைச் சாக்குக் கணக்கில் கொண்டுவருவார்கள். சரியாகக் கழுவிக் காயவைக்காத கொட்டை மேலே கறுப்பாக அழகாக இருக்கும், உடைத்தால் உள்ளே பூஞ்சணம். பருப்பு பச்சை கலந்த வெளிர் நிறத்தில் இருக்க வேண்டும், நாக்கில் வைத்தால் துவர்ப்பு பிடிக்க வேண்டும். மாத்திரைக்குள் போனபின் இதையெல்லாம் யார் பார்க்கப் போகிறார்கள்? எங்கள் கடையில் முழுக் கொட்டையாகத்தான் கொடுக்கிறோம், வாங்குகிறவர்கள் கண் முன்னே உடைத்துப் பார்க்கட்டும் என்று.

தென்காசிச் சாரல்:

இங்கே எல்லோரும் நம் விதைகளை மட்டுமே சோதனைக்கு நிறுத்துகிறீர்கள். ஆங்கில மருந்துக் கம்பெனிகள் தர்மத்துக்கா மருந்து விற்கின்றன? நம் பாட்டன்மார் வெந்தயமும் நாவல் கொட்டையும் உண்டு நூறு வயது வாழ்ந்தார்கள். எலியில் வேலை செய்வது மனிதரில் வேலை செய்யாது என்றால், அவர்கள் மாத்திரையும் முதலில் எலிக்குத்தானே போனது?

ஹைகிரவுண்டில் படித்தவன்:

சாரல் அண்ணனின் கேள்வி நியாயமானது. அவர்கள் மாத்திரையும் எலிக்குத்தான் முதலில் போனது. அங்கேயே நின்றுவிடாமல் மனிதரிடம் வந்ததுதான் வித்தியாசம். வந்தவற்றில் பல தோற்கவும் செய்தன. ஆல்டோஸ் ரிடக்டேஸ் நொதியைத் தடுக்கும் செயற்கை மருந்துகளை எத்தனையோ கம்பெனிகள் கோடிக்கணக்கில் செலவிட்டுச் செய்து பார்த்தன. டால்ரெஸ்டாட் என்ற ஒன்று கல்லீரலைக் கெடுத்ததால் சந்தையிலிருந்தே திரும்பப் பெறப்பட்டது. எலிக் கண்ணில் ஜெயித்த அந்தக் குடும்பத்து மருந்துகளில் எபால்ரெஸ்டாட் என்ற ஒன்றுதான் ஜப்பானில் நரம்புப் பாதிப்புக்கு நிலைத்தது. தூய வேதிப்பொருளுக்கே இந்தக் கதி என்றால், சோதனைக் குழாயில் அதே நொதியைத் தடுத்தது என்பதற்காக ஒரு விதைச் சாற்றை நம்பி எப்படிக் கையில் கொடுப்பது?

செடியிலிருந்து வந்தது என்பதற்காக நான் எதையும் தள்ளுபவனும் அல்லன். உங்கள் தந்தையார் விழுங்கும் மெட்ஃபார்மினே பயறு குடும்பத்தைச் சேர்ந்த காலிகா என்ற ஐரோப்பியச் செடியில் இருந்த பொருளைப் பின்பற்றிச் செய்யப்பட்டதுதான். 1957 இல் ழான் ஸ்டெர்ன் என்ற பிரெஞ்சு மருத்துவர் அதை நோயாளிகளுக்குக் கொடுத்து வெளியிட்டார். ஆப்பிள் மரப் பட்டையிலிருந்து 1835 இல் ஃபுளோரிசின் என்ற கசப்புப் பொருளைப் பிரித்தார்கள். அது சிறுநீரில் சர்க்கரையை வெளியேற்றுகிறது என்று அதே நூற்றாண்டில் கண்டார்கள். அதன் வழி வந்தவைதான் இன்றைய டாபாகிளிஃபுளோசின், கானாகிளிஃபுளோசின் போன்ற சர்க்கரை மாத்திரைகள். 2019 இல் வெளியான ஆய்வில், சர்க்கரையால் சிறுநீரகம் பழுதான 4,401 பேரில் பாதிப்பேருக்குக் கானாகிளிஃபுளோசினும் பாதிப்பேருக்கு வெற்று மாத்திரையும் கொடுத்து இரண்டரை ஆண்டுக்கு மேல் கவனித்தபோது, சிறுநீரகம் செயலிழப்பது உள்ளிட்ட கேடுகள் 30 விழுக்காடு குறைந்தன. பட்டையிலிருந்து அங்கே வந்து சேர 180 ஆண்டுகள் பிடித்தன.

பாட்டன்மார் நூறு வயது வாழ்ந்ததைப் பற்றி ஒன்று சொல்லலாம். வாழ்ந்தவர்களைத்தான் நமக்கு நினைவிருக்கிறது, கட்டி அழுகி ஐம்பதில் போனவருக்கு ‘ராஜபிளவை’ என்று ஒரு பெயரை வைத்துவிட்டு மறந்துவிட்டோம்.

பொருநைக்கரை:

எல்லோருக்கும் நன்றி. ஒரு ஐயம் மிச்சமிருக்கிறது. விதை சர்க்கரையைக் குறைக்கும் என்று எலிக்கூட்டுத் தங்கச்சியே சொல்கிறார்கள். சர்க்கரை குறைந்தால் சிறுநீரகமும் நரம்பும் தாமாகவே தப்பித்துக்கொள்ளாவா? அப்படியானால் அந்தத் தாளில் உள்ளது சுற்றி வளைத்தாவது உண்மையாகிவிடாதா?

எலிக்கூட்டுக்காரி:

சரியான இடத்தைத் தொட்டுவிட்டீர்கள், அண்ணாச்சி. சர்க்கரையைக் கட்டுப்படுத்தினால் பாதிப்பு குறையும் என்பது நிரூபணமான செய்தி. முதல் வகை (இன்சுலின் சுரப்பு அற்றுப்போன) நோயாளிகளிடம் அமெரிக்காவிலும் கனடாவிலும் நடந்து 1993 இல் வெளியான ஆய்வில், இறுக்கமான கட்டுப்பாட்டால் கண் விழித்திரைப் பாதிப்பு 76 விழுக்காடு குறைந்தது. இரண்டாம் வகையில் பிரிட்டனில் நடந்து 1998 இல் வெளியான ஆய்வில், மூன்று மாதச் சராசரி 7.9 க்குப் பதில் 7.0 ஆக இருந்தபோது நுண்ணிய இரத்தக் குழாய்ப் பாதிப்புகள் 25 விழுக்காடு குறைந்தன. ஆக, சராசரியில் ஒரு புள்ளி குறைந்தாலே பெரிய ஆதாயம்தான்.

இப்போது வெந்தயம் எவ்வளவு குறைக்கிறது என்று பாருங்கள். ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தார் 1990 இல் வெளியிட்ட ஆய்வில், கொழுப்பு நீக்கிய வெந்தயப் பொடி நாளுக்கு 100 கிராமை மதியமும் இரவும் உணவில் கலந்து முதல் வகை நோயாளிகளுக்குப் பத்து நாள் கொடுத்தார்கள். வெறும் வயிற்றுச் சர்க்கரை இறங்கியது, சிறுநீரில் வெளியேறும் சர்க்கரை 54 விழுக்காடு குறைந்தது. 100 கிராம் என்பது நம் வீட்டில் ஒரு மாதத் தாளிப்புக்குப் போதும்! பின்னர் பல ஆய்வுகளையும் சேர்த்துக் கணக்கிட்டு 2014 இல் ஒரு தொகுப்பு வந்தது. அதன்படி வெறும் வயிற்றுச் சர்க்கரையில் சராசரியாக 17 மில்லிகிராம் குறைவு, மூன்று மாதச் சராசரியில் 0.85 குறைவு; அதுவும் நடுத்தர, மிகுந்த அளவில் உண்டவர்களிடம்தான் தெளிவாகத் தெரிந்தது. கருஞ்சீரகத்துக்குச் சவூதியில் 94 பேரிடம் நடந்த ஆய்வு 2010 இல் வந்தது. வழக்கமான மாத்திரையோடு நாளுக்கு 2 கிராம் உண்டவர்களின் மூன்று மாதச் சராசரியில் சுமார் 1.5 குறைந்தது. அங்கே பயன்படுத்தியதும் விதைதான். உங்கள் குப்பியில் உள்ள 250 மில்லிகிராம் சாறு அதற்குச் சமமா என்பதைச் செய்தவர்தான் சொல்ல வேண்டும்.

நாவல் கொட்டைக்கு வந்தால் எனக்குச் சற்று வருத்தம்தான். எலியில் அத்தனை பெயர் வாங்கிய மரம் அது. பிரேசிலில் போர்ட்டோ அலெக்ரே நகரத்தில், அங்கே மக்கள் சர்க்கரைக்குக் குடித்துவந்த நாவல் இலைத் தேநீரை முறையாகச் சோதித்தபோது பலன் ஒன்றும் தெரியவில்லை. இலை வேறு, கொட்டை வேறு என்று வாதிடலாம், நானும் அப்படித்தான் வாதிட்டேன். ஆனால் வாதம் மருந்தாகாது.

ஆக, சர்க்கரையைக் கொஞ்சம் குறைக்கும் விதை, உண்ணும் உணவோடும் மாத்திரையோடும் சேர்ந்து நின்றால் பாதிப்பைத் தள்ளிப்போட உதவும். மாத்திரையை எடுத்துவிட்டு அந்த இடத்தில் விதையை வைத்தால், 0.85 கிடைத்து அதைவிடப் பெரியதை இழப்பீர்கள். அதோடு, ஆல்புமின் வெளியேறத் தொடங்கிய சிறுநீரகத்துக்குச் சர்க்கரைக் கட்டுப்பாடு மட்டும் போதாது, இரத்த அழுத்தமும் அடங்க வேண்டும்.

விதைச் சாறு ஒன்று மனிதச் சிறுநீரகத்தில் நேராகச் சோதிக்கப்பட்டதும் உண்டு. அந்தத் தாளில் அது இருக்காது, ஏனென்றால் அது நம் ஊர் விதை அல்ல. பால் நெருஞ்சில் என்று சொல்லப்படும் செடியின் விதையிலிருந்து எடுக்கும் சிலிமரினை, ஈரானில் சர்க்கரையால் சிறுநீரகம் பழுதாகிப் புரதம் வெளியேறிய 60 பேரிடம் சோதித்து 2012 இல் வெளியிட்டார்கள். 140 மில்லிகிராம் வீதம் நாளுக்கு மூன்று வேளை, மூன்று மாதம். வெற்று மாத்திரை உண்டவர்களைவிடச் சிறுநீரில் ஆல்புமின் கூடுதலாகக் குறைந்தது. அவர்கள் எல்லோரும் இரத்த அழுத்த மாத்திரையை நிறுத்தாமல் அதன் மேல்தான் இதை உண்டார்கள். இத்தனை ஆண்டு விதை ஆராய்ச்சியில் எனக்கு மிகவும் பிடித்த முடிவு இது. என்றாலும் அறுபது பேர், மூன்று மாதம். டயாலிசிஸ் வரை போகாமல் தடுத்ததா என்று சொல்ல அந்தக் காலம் போதாது.

பாளை சித்த மருத்துவன்:

இங்கே அரசு சித்த மருத்துவக் கல்லூரியில் படித்து, இருபது ஆண்டுகளாக நோயாளிகளைப் பார்த்து வருகிறேன். இழை முழுவதையும் படித்தேன். அந்தக் குப்பியைச் சித்த மருந்து என்று யாரும் நினைத்துவிட வேண்டாம் என்பதற்காகவே எழுதுகிறேன்.

எங்கள் நூல்கள் நீரிழிவைத் தனி நோயாக மட்டும் பார்க்கவில்லை. அது முற்றும்போது வரும் கேடுகளுக்கு ‘அவத்தைகள்’ என்றே பெயர் வைத்துப் பத்து அவத்தைகளைச் சொல்லியிருக்கிறார்கள், பிளவை என்ற சீழ்க்கட்டி வருவது உட்பட. ஒவ்வொரு அவத்தையும் வெவ்வேறு நிலை. தொடக்கத்தில் இருப்பவருக்குக் கொடுக்கும் ஆவாரைக் குடிநீரையே, பிளவை வந்தவருக்கும் கொடுத்து ஆற்றிவிடலாம் என்று எந்த நூலும் சொல்லவில்லை. முற்றிய அவத்தைகளை மருந்துக்கு எளிதில் கட்டுப்படாதவை என்றுதான் நாங்கள் படித்தோம். எல்லா நிலைக்கும் ஒரே மாத்திரை என்பது வியாபாரிகளின் மருத்துவம்.

அளவிலும் எங்களுக்குக் கணக்கு உண்டு. சூரணத்தைத் திரிகடி, வெருகடி என்று விரலால் அளந்து கொடுத்தார்கள், எந்த அனுபானத்தோடு (தேன், நெய் போன்ற துணைப்பொருள்), எந்தப் பத்தியத்தோடு என்றும் சொன்னார்கள். அந்தக் குப்பியில் இருப்பது ஆல்கஹாலில் இறக்கிய சாறாக இருந்தால், அது எங்கள் சூரணமும் அல்ல, குடிநீரும் அல்ல. நீரில் இறங்கும் பொருள் வேறு, ஆல்கஹாலில் இறங்கும் பொருள் வேறு என்பதை ஆய்வுத் தங்கை என்னைவிட நன்றாக அறிவார். வெந்தயத்தின் வழவழப்பு ஆல்கஹாலில் இறங்காது. அப்படியானால் நார்ச்சத்தால் கிடைக்கும் பலனை அந்தக் குப்பியில் எதிர்பார்க்கவே முடியாது. புதியதோர் பொருளைச் செய்துவிட்டு அதற்கு அகத்தியர் பெயரைப் போடுவதில் எனக்கு உடன்பாடு இல்லை.

என்னிடம் வருகிறவர்களுக்கு நான் வைத்திருக்கும் வழக்கம்: சிறுநீரில் ஆல்புமின் போகிறதா, கிரியேட்டினின் எவ்வளவு என்று சீட்டைப் பார்க்காமல் மருந்து கொடுப்பதில்லை. ஓடும் மாத்திரையை நிறுத்தச் சொல்வதும் இல்லை. சேர்த்துக் கொடுக்கும்போது சர்க்கரை தாழ்ந்துவிடாமல் இருவரும் கலந்து அளவைக் குறைக்க வேண்டும்.

கட்டுப்போடும் அக்கா:

நான் மருத்துவர் அல்ல, சர்க்கரைப் புண்ணுக்குக் கட்டுப்போடும் செவிலி. நீங்கள் எல்லோரும் சிறுநீரகத்தையே பேசுகிறீர்கள். முதல் பதிவில் தம்பி எழுதியிருக்கும் செருப்புதான் என்னைத் தூங்கவிடவில்லை.

எரிச்சல் நின்றுவிட்டது என்று சந்தோஷமாகச் சொல்லிக்கொண்டு வருகிறவர்களைத்தான் ஆறு மாதம் கழித்து நான் கட்டுப்போடும் மேசையில் பார்க்கிறேன். எரியும் காலில் நரம்பு இன்னும் பேசுகிறது. எரியாத காலில் அது பேச்சை நிறுத்திவிட்டது. சித்திரை வெயிலில் கோயில் பிரகாரத்தைச் சுற்றிவந்து உள்ளங்கால் முழுதும் கொப்புளத்தோடு வந்த பெரியவர், சூடு தெரியவில்லை அம்மா என்றார். மதமதப்பாக இருக்கிறது என்று மகள் வெந்நீர் ஒத்தடம் கொடுத்து, தோல் உரிந்து வந்த ஆச்சி ஒருவர். ஆசையாகச் செய்த காரியம்! வெந்நீரை முழங்கையால் தொட்டுப் பார்க்காமல் காலை விடவே கூடாது.

தம்பி, நாளைக்கே செய்ய வேண்டியவை இவை. பத்து கிராம் அழுத்தத்தில் வளையும் நைலான் நார் வைத்து, உணர்வு இருக்கிறதா என்று உள்ளங்காலில் தொட்டுப் பார்ப்பார்கள், வலிக்காது, ஐந்து நிமிட வேலை. கண்ணுக்கு மருந்து விட்டு விழித்திரையைப் பார்க்கச் சொல்லுங்கள். மெட்ஃபார்மின் பல வருடம் சாப்பிட்டவர்களுக்கு பி12 வைட்டமின் குறைந்து அதனாலும் கால் மரத்துப்போகும்; ஒரு இரத்தப் பரிசோதனை போதும், குறைந்திருந்தால் ஊசியோ மாத்திரையோ போட்டுக் கொஞ்சமாவது மீட்கலாம். மரத்த காலுக்கு முதலில் அதைப் பாருங்கள். பின்பக்கம் வார் வைத்த செருப்பு வாங்குங்கள், சாயங்காலத்தில் அளவு எடுங்கள், அப்போதுதான் கால் வீங்கியிருக்கும் அளவு தெரியும். இரவில் உள்ளங்காலைக் கண்ணாடி வைத்துப் பார்க்க வேண்டும். அப்பாவுக்குக் குனிய முடியாவிட்டால் நீங்கள் பாருங்கள்.

பொருநைக்கரை:

பன்னிரண்டு நாட்கள் கழித்து எழுதுகிறேன், காரணம் இருக்கிறது.

நான் இங்கே முதல் பதிவு போட்ட மறுநாளே அப்பா எங்களிடம் சொல்லாமல் அந்த மாத்திரையைத் தொடங்கியிருக்கிறார். பழைய மாத்திரையை நிறுத்தவில்லை, அம்மாவுக்குப் பயந்து இரண்டையும் சேர்த்தே உண்டிருக்கிறார். ஐந்தாம் நாள் விடியற்காலை நான்கு மணிக்கு உடல் முழுதும் வியர்த்து, பேச்சு குழறி, கை நடுங்க எழுந்து உட்கார்ந்துவிட்டார். விரலில் குத்திப் பார்த்தபோது சர்க்கரை 58. அம்மா பதறாமல் மூன்று கரண்டி சீனியைக் கரைத்துக் கொடுத்தார்கள்; கால் மணி நேரத்தில் 92 வந்தது.

அன்றே அந்தக் குப்பியில் இருந்த எண்ணுக்குத் தொலைபேசி செய்தேன். இங்கே படித்ததை வைத்துக்கொண்டு மூன்று கேள்விகள் கேட்டேன்: எதில் இறக்கிய சாறு, எத்தனை கிலோ விதைக்கு ஒரு கிலோ, ஈயம் பாதரசம் பார்த்த சோதனைச் சீட்டு உண்டா. மூன்றுக்கும் சேர்த்து ‘எல்லாமே இயற்கை சார்’ என்று ஒரே பதில் வந்தது.

ஹைகிரவுண்டில் படித்தவன்:

அந்த 58 க்கு எது காரணம் என்று இங்கிருந்து தீர்ப்புச் சொல்ல மாட்டேன். இரவில் குறைவாக உண்டிருந்தால் கிளிமெபிரைடு மட்டுமே அப்படி இறக்கும், சிறுநீரகம் தளரும்போது அந்த வகை மாத்திரைகள் உடலில் அதிக நேரம் தங்கும். உங்கள் தந்தையாரின் வயதுக்கும் 1.4 கிரியேட்டினினுக்கும் சிறுநீரகத்தின் வடிகட்டும் திறன் நிமிடத்துக்கு ஏறக்குறைய 55 மில்லிலிட்டர் என்று வருகிறது, ஆகவே அதையும் எண்ண வேண்டும். விதை சற்றுக் கூட்டியிருக்கலாம். மூன்றாவதாக ஒன்றும் உண்டு, அதைச் சொல்லாமல் விடக்கூடாது. 2008 இல் சிங்கப்பூரில் சர்க்கரை நோயே இல்லாத நூற்றைம்பது பேர் சர்க்கரை தாழ்ந்து மருத்துவமனைக்கு வந்தார்கள். அவர்களில் நால்வர் இறந்தனர். ஆண்மைக்கென்று கள்ளத்தனமாக விற்ற மருந்துகளிலும் மூலிகை என்று விற்றவற்றிலும் கிளிபென்கிளமைடு என்ற சர்க்கரை மாத்திரையைக் கலந்திருந்தார்கள். உங்கள் குப்பியில் அப்படி இருக்கிறது என்று நான் சொல்லவில்லை. மிச்சமிருக்கும் மாத்திரைகளைக் குப்பையில் போடாமல் மருத்துவரிடம் கொண்டுபோய்க் காட்டுங்கள், ஈயம் பாதரசம் பற்றி நீங்கள் கேட்டதும் சரியான கேள்விதான்.

தென்காசிச் சாரல்:

தம்பி, பெரியவர் நலமாக இருப்பதில் நிம்மதி. நான் மேலே எழுதியது உண்மையான விதையைப் பற்றி. பெயர் தெரியாத சாற்றைப் பற்றி அல்ல. அந்த அளவுக்கு என் வார்த்தையைத் திருத்திக்கொள்கிறேன். கம்பெனிகளைப் பற்றி எழுதியதைத் திருத்தவில்லை.

பொருநைக்கரை:

சரி அண்ணாச்சி, அதுவும் இருக்கட்டும். மருத்துவரிடம் போய்வந்தோம். கிளிமெபிரைடைப் பாதியாகக் குறைத்து, டாபாகிளிஃபுளோசின் சேர்த்திருக்கிறார். 2020 இல் காப்புரிமை முடிந்தபின் பல கம்பெனிகள் செய்வதால் அத்தான் வாங்கிய குப்பியைவிட இது எங்களுக்கு மலிவாகத்தான் ஆகிறது. அழுத்தத்துக்கு டெல்மிசார்டான் தொடங்கி, இரண்டு வாரத்தில் பொட்டாசியமும் கிரியேட்டினினும் பார்க்கச் சொன்னார். நார் வைத்துத் தொட்டதில் பத்து இடங்களில் ஆறு தெரியவில்லை. பி12 குறைவாகத்தான் இருந்தது, ஊசி தொடங்கியாகிவிட்டது. அக்காவுக்கு எப்படி நன்றி சொல்வது?

அப்பாவுக்கு விதைமேல் உள்ள பிடிப்பு போகவில்லை. மருந்தாக வேண்டாம் என்றால் சாப்பாடாகவாவது தா என்கிறார். வெந்தயம் எவ்வளவு, எப்படிக் கொடுக்கலாம்?

எலிக்கூட்டுக்காரி:

தாராளமாகக் கொடுங்கள், அண்ணாச்சி. முதல் வாரம் 5 கிராம், ஒரு தேக்கரண்டி அளவு, இரவே ஊறப்போட்டு ஊறிய நீரோடு சேர்த்து மென்று தின்னட்டும். வயிறு பொருமாவிட்டால் 10 கிராம் வரை போகலாம். வறுத்துக் கறுக்கவிட வேண்டாம். அந்த வழவழப்பு மற்ற மாத்திரைகளையும் பிடித்துவைக்கும் என்பதால், மாத்திரைக்கும் அதற்கும் இரண்டு மணி நேரம் இடைவெளி இருக்கட்டும். இரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் உண்பவராக இருந்தால் மருத்துவரைக் கேட்காமல் கொடுக்கக் கூடாது. கடலை, பயறு ஒவ்வாதவருக்கு வெந்தயமும் ஒவ்வாமல் போகலாம். வேர்வையிலும் சிறுநீரிலும் ஒரு இனிப்பு வாடை வரும், பயப்பட வேண்டாம், அது வெந்தயத்தின் வாடைதான். தொடங்கிய முதல் பத்து நாள் விடியற்காலைச் சர்க்கரையைக் குத்திப் பார்த்து எழுதி வையுங்கள்.

மானூர் மருமகள்:

வெந்தயக் களியாகக் கிண்டிக் கொடுக்கலாமே. எங்கள் வீட்டில் அப்படித்தான் ஆண்கள் வெந்தயம் தின்கிறார்கள்.

பாளை சித்த மருத்துவன்:

களி நல்லதுதான் அம்மா, ஆனால் நம் பக்கத்துக் களியில் வெந்தயத்தைவிட அரிசியும் கருப்பட்டியும்தான் அதிகம். கருப்பட்டி கருப்பாக இருப்பதால் சர்க்கரை இல்லை என்று ஆகிவிடாது. கருப்பட்டி இல்லாமல், உளுந்தும் வெந்தயமும் மட்டும் சேர்த்து, நல்லெண்ணெய் ஒரு கரண்டியோடு நிறுத்துங்கள்.

பொருநைக்கரை:

நேற்று அப்படியே செய்து கொடுத்தோம். ஒரு வாய் வைத்துவிட்டு, இது களி இல்லை, சுவரொட்டி ஒட்டுகிற பசை என்றார். பிறகு முழுவதையும் சாப்பிட்டுவிட்டு, வார் வைத்த புதுச் செருப்பை மாட்டிக்கொண்டு கோயிலுக்குப் போனார். திரும்பி வந்ததும் இரண்டு கால்களையும் தாமாகவே நீட்டிக் காட்டினார். இன்று காலைச் சர்க்கரை 134.